பற்றுப் புத்தகமும் பச்சைக் காய்கறியும்



சம்பளம் கைக்கு வந்த அன்று மாலையே அதில் பாதி எங்கே போனது என்று தேடாத வீடு தோட்டப்புறத்தில் குறைவு. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆகியிருக்கிறது. காதால் கேட்கும்போது பெரிய தொகைதான். ஆனால் அரிசி, மீன், காய்கறி, பால்மாவு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். 20-ஆம் தேதிக்கு மேல் கடைக்காரரின் பற்றுப் புத்தகம்தான் நமக்குத் துணை. இந்த முறை அந்தப் புத்தகத்தைப் பற்றியும், நம் கூடைக்குள் வந்து சேரும் காய்கறி, மீனைப் பற்றியும் மனம்விட்டுப் பேசுவோம்.

முதலில் கடைக்காரரைத் திட்டுவதை நிறுத்துவோம். முகப்பில் 555 என்று எண் போட்ட அந்தச் சின்னப் புத்தகத்தை அறியாதவர் நம்மில் யார்? ரப்பர் மரம் இலையுதிர்த்து நிற்கும் மாதங்களில், மழை பிடித்துப் பால் வெட்டு நின்றுபோன வாரங்களில், நம் வீட்டு அடுப்பு எரிந்ததற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம். நன்றி மறக்கலாகாது. ஆனால் கடன் கொடுக்கிறவர் தம்முடைய முதலைப் பல மாதம் நம்மிடம் முடக்கி வைத்திருக்கிறார். திரும்பி வராமலே போகும் பாக்கியும் அவருக்கு உண்டு. அதையெல்லாம் அவர் சாமான் விலையில்தான் ஏற்றியாக வேண்டும். வட்டி என்ற சொல் அந்தப் புத்தகத்தில் எங்கும் இருக்காது. கத்தரிக்காயின் விலைக்குள் அது ஒளிந்துகொண்டிருக்கும்.

இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, சம்பளப் பணத்தை இன்ன கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்று எந்த முதலாளியும் நிபந்தனை போட முடியாது. ஆக, சட்டம் நம் கையைக் கட்டவில்லை. பழைய பாக்கிதான் கட்டி வைத்திருக்கிறது. பாக்கி இருக்கிற கடையில் பேரம் பேச வாய் வருமா? வாடிய கீரையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு குடும்பம் மாதம் 450 வெள்ளிக்குக் காய்கறியும் மீனும் கடனில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சாமான் பட்டணத்துச் சந்தையில் ஐந்தில் ஒரு பங்கு மலிவாகக் கிடைக்குமானால் செலவு 360 வெள்ளி. மிச்சம் 90 வெள்ளி. அடடா என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். வாரம் ஒரு முறை தனியாக வாடகைக் கார் பிடித்துப் போய்வர 25 வெள்ளி ஆனால், மாதம் 4 முறைக்கு 100 வெள்ளி. 90 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் 10 வெள்ளி நட்டம்! அதற்குப் பக்கத்துக் கடையே மேல்.

அதுவே ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரே வண்டியில் போனால், ஆளுக்கு 5 வெள்ளி. மாதத்துக்கு 20. மிச்சம் 70 வெள்ளி கையில் நிற்கும். ஓர் ஆண்டுக்கு 840 வெள்ளி. பள்ளி திறக்கும் மாதத்தில் சீருடை, காலணி, புத்தகப் பைக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். உங்கள் தொகையையும் வண்டிச் சத்தத்தையும் வைத்து நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். சந்தையின் விலையோடு போய்வரும் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

எந்தச் சந்தைக்கு எதற்குப் போவது?

காலைச் சந்தையில் மீனும் கோழியும் புதிதாகக் கிடைக்கும். மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவந்திருக்க வேண்டும். கண் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்தபடியே நிற்கக் கூடாது. விளக்கு வைத்து வலை வீசும் படகுகளுக்குப் பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மீன் அதிகம் படாது. அந்த நாள்களில் கெம்போங் மீன் விலை ஏறினால் முட்டை, பருப்பு, நெத்திலி, தெம்பே என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குச் சத்தும் குறையாது, பணமும் கரையாது.

பாசார் மாலாமில் காய்கறியைப் பெரும்பாலும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஒரு கூறு 3 வெள்ளி என்றதும் கை நீளும். அந்தக் கூறில் எத்தனை கிராம் இருக்கிறது, அடியில் கிடப்பது அழுகலா என்று பார்த்தவர் எத்தனை பேர்? புரட்டிப் பார்த்து வாங்குங்கள். கடை கட்டும் நேரத்தில் போனால் கீரை, வெள்ளரி, தக்காளியை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். அன்றிரவோ மறுநாளோ சமைப்பதற்கென்றால் அது நல்ல பேரம். வாரம் முழுவதும் வைத்திருக்க நினைத்தால் பாதி குப்பைக்குத்தான் போகும்.

கூட்டரசு வேளாண் சந்தை வாரியமான ஃபாமா 1985-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் பாசார் தானியை நம்மவர்கள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. விளைவித்தவரே கொண்டுவந்து விற்கும் சந்தை அது. இடைத்தரகர் கை குறைவதால் கங்கோங், பயற்றங்காய், வெண்டை, கத்தரி, வாழைப்பழம் போன்ற நம் பக்கத்து விளைச்சல் நியாயமான விலைக்குக் கிடைக்கும். உங்கள் பட்டணத்தில் எந்தக் கிழமையில், எங்கே கூடுகிறது என்று ஒரு முறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேரங்காடிக்கு அரிசி, மாவு, சவர்க்காரம் போன்றவற்றுக்குப் போகலாம். அங்கே விலைச் சீட்டில் கண் வையுங்கள். 100 கிராம் 90 காசு என்று எழுதியிருந்தால் மலிவாகத் தோன்றும். கிலோ 9 வெள்ளி என்று அர்த்தம். பெரியவர்கள் இன்னும் கட்டிக் கணக்கில் பேசுவார்கள். ஒரு கட்டி சுமார் 600 கிராம். கட்டி 6 வெள்ளி என்றால் கிலோ 10 வெள்ளி. எல்லா விலையையும் கிலோவுக்கு மாற்றிப் பார்த்துவிட்டால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. தராசு பூச்சியத்தில் நிற்கிறதா, அதில் சோதனை முத்திரை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். கேட்பதில் வெட்கம் என்ன? வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு.

அரசாங்கம் விலை கட்டிய சாமான்களையும் நினைவில் வையுங்கள். 2016 நவம்பரில் போத்தல் எண்ணெய்க்கு உதவித்தொகை நின்ற பிறகும், 1 கிலோ பொட்டல எண்ணெய் 2 வெள்ளி 50 காசு என்றே வைக்கப்பட்டது. தீபாவளி போன்ற பெருநாள்களை ஒட்டிச் சில சாமான்களுக்கு உச்ச விலை அறிவிப்பார்கள். அவற்றுக்குக் கடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் விலைச் சீட்டு வைக்க வேண்டும். பட்டியலைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்ததும் வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் அறிந்து வாங்குங்கள்

கோஸ், தக்காளி முதலியவை கேமரன் மலையிலிருந்து வருகின்றன. ஆண்டுக் கடைசியில் பருவ மழை கொட்டும்போது விளைச்சலும் வண்டிப் போக்குவரத்தும் கெட்டு விலை ஏறும். அப்போது அந்தக் காய்களையே பிடித்துக்கொண்டு தொங்காமல், பூசணி, பீர்க்கு, மரவள்ளிக் கிழங்கு, முருங்கைக்கீரை என்று சமவெளி விளைச்சலுக்குத் திரும்புங்கள். வெங்காயத்தை எடுத்துக்கொண்டால், 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியைத் தடுத்து 2024 மே மாதம்தான் தடையை நீக்கியது. அங்கே மழை பொய்த்தால் இங்கே நம் தாளிப்புக்கு விலை ஏறுகிறது. இதனால் வெங்காயம் மலிந்திருக்கும்போது காய்ந்ததாகப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, காற்றோட்டமான கூடையில் வையுங்கள். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள். இரண்டும் சீக்கிரம் கெடும்.

வாங்கி வந்ததைக் காப்பாற்றுவதும் சிக்கனம்தான். கீரையை ஈரம் போக உதறி, தாளில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மீனைக் கழுவிச் சுத்தம் செய்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து உறைய வையுங்கள். உருகிய மீனைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஐந்து வெள்ளி மீனைக் கெடுத்துக்கொண்டு ஐம்பது வெள்ளிக்கு மருந்து வாங்க வேண்டாம்.

லயத்துப் பக்கம் ஒரு சாண் நிலம் இருந்தாலும் கறிவேப்பிலை, முருங்கை, பச்சை மிளகாய் நட்டுவிடுங்கள். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டவர்கள் பழைய வாளியில் மண் நிரப்பி வைக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. செம்பனைக் காட்டிலும் ரப்பர் நிரையிலும் களைக்கொல்லி தெளித்த இடங்களில், அவற்றின் கால்வாய் ஓரங்களில் முளைக்கும் கீரையைப் பறிக்காதீர்கள். பார்க்கப் பசுமையாக இருக்கும்; உள்ளே நஞ்சு இருக்கலாம். மருந்து வந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் சமையலுக்கோ குடிநீருக்கோ எடுக்காதீர்கள். காசில்லாமல் கிடைப்பதெல்லாம் மலிவாகிவிடாது.

கடனிலிருந்து வெளியேறும் வழி

“அக்கா, பாக்கி 600 வெள்ளி நிற்கிறது. நான் எப்படிச் சந்தைக்குப் போவேன்?” என்று ஒரு சகோதரி கேட்கலாம். ஒரே நாளில் புத்தகத்தை மூட முடியாது. கடைக்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். மாதம் இவ்வளவு என்று பழைய பாக்கியைக் கழிக்க ஒப்புக்கொள்ளுங்கள். சொன்ன தேதியில் கொடுங்கள். மாதம் 60 வெள்ளி கொடுத்தால் பத்து மாதத்தில் தீர்ந்துவிடும். புதிதாக எழுதுவதை முதலில் காய்கறியிலும் மீனிலும் நிறுத்துங்கள். அவற்றை மட்டும் ரொக்கத்துக்கு வாங்கப் பழகுங்கள். அரிசியும் பருப்பும் சில மாதம் புத்தகத்திலேயே இருக்கட்டும். கடைக்காரர் எழுதுவதை அன்றன்றே நீங்களும் ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் சந்தேகமும் இல்லை, சண்டையும் இல்லை.

இந்தக் கணக்கைப் பெண்கள் மட்டும் சுமக்கலாகாது. சம்பள நாளன்று இரவு கணவரையும் வளர்ந்த பிள்ளைகளையும் உட்கார வைத்துப் புத்தகத்தைக் காட்டுங்கள். மிளகாயும் சீனியும் எவ்வளவு, சிகரெட்டும் மதுவும் எவ்வளவு என்று எழுத்தில் பார்க்கும்போது யாரும் குரலை உயர்த்த வேண்டியிருக்காது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

கூட்டாக வாங்குவது நமக்குப் புதிது அல்ல. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பாட்டாளிகள் சிறு சிறு தொகையாகச் சேர்த்த பணத்தைக் கொண்டுதான் தோட்டங்களே வாங்கப்பட்டன. தோட்டம் வாங்கிய சமூகத்தால் ஒரு மூட்டை வெங்காயம் சேர்ந்து வாங்க முடியாதா? ஐந்து வீடு சேருங்கள். நம்பிக்கையான ஒருவர் பணத்தை வைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் கணக்கு எழுதட்டும். எல்லார் முன்னிலையிலும் நிறுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். முறை வைத்து ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் மற்ற நால்வர் நிம்மதியாகச் சந்தைக்குப் போய் வரலாம்.

வரும் சம்பளத்திலிருந்து மூன்று மாதம் இப்படிச் செய்து பாருங்கள். மிச்சமாகும் பணத்தைச் சட்டைப் பையிலோ அரிசிப் பானையிலோ போடாமல், பிள்ளை பெயரில் கணக்குத் திறந்து போடுங்கள். எவ்வளவு சேர்ந்தது, எங்கே இடறியது என்று எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். மற்றச் சகோதரிகளுக்கு அது வழிகாட்டும்.

அடுத்த இதழில், பெருநாள் செலவை மூன்று மாதம் முன்பே எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்போம்.