வாசனைத் தாளா? கம்பளி உருண்டையா?

 

கண்டிப் பகுதியிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். அவரது மகள் திருமணம் முடித்து கனடாவின் டொரொண்டோ நகரில் வாழ்கிறார். அங்கே பனிக்காலத்தில் உடுப்பைக் கொடியில் போட வழியில்லை. எனவே, கழுவிய உடுப்பெல்லாம் உலர்த்தும் இயந்திரத்துக்குத்தான் போகிறது. அதிலிருந்து எடுக்கும் அபாயா காலோடு ஒட்டிக்கொள்கிறதாம். ஸ்கார்பைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்கிறதாம். இதைத் தவிர்க்க மகள் 'டிரையர் ஷீட்' என்ற வாசனைத் தாளைப் பாவித்து வந்தார். இப்போது யாரோ, "அதில் மிருகக் கொழுப்பு இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். "மௌலவி, அந்த உடுப்போடு தொழுத தொழுகைகள் என்ன ஆகும்? அதற்குப் பதிலாகக் கம்பளி உருண்டை போடலாமா?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

நம் பிள்ளைகள் பலர் இன்று குளிர் நாடுகளில் குடும்பம் நடத்துகிறார்கள். அதனால் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாள் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அது காகிதமல்ல, பொலியெஸ்டர் இழைகளாலான மெல்லிய துணி. கொழுப்பிலிருந்து செய்த மென்மையாக்கியும் வாசனையும் அதில் பூசப்பட்டிருக்கும். இயந்திரத்தின் சூட்டில் அந்தப் பூச்சு உருகி உடுப்பின் மேல் படியும். நாம் 'மென்மை' என்று தடவிப் பார்ப்பது அந்தப் படிவைத்தான். அது படிவதால் நிலைமின் குறையும் என்பது உண்மை. ஆனால் அதே படிவினால் துவாய் நாளடைவில் தண்ணீரை உறிஞ்சாமல் போகும். வாசனை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குத் தோல் அரிக்கும். ஒரு முறை பாவித்தால் தாள் குப்பைக்குத்தான்.

கொழுப்பு விடயத்துக்கு வருவோம். இந்த மென்மையாக்கிகளுக்கு மாட்டுக் கொழுப்பும் பாவிக்கப்படுகிறது, பாம் எண்ணெயும் பாவிக்கப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு பெட்டியில் இருப்பது எதுவென்று அந்த மகளுக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. அசுத்தமான ஒரு பொருள் வேறொன்றாக மாறினால் சுத்தமாகிவிடும் என்பதற்கு நமது ஷாபிஈ மத்ஹபில் வாசல் குறுகியது. ஹனபி மத்ஹபில் அது விரிந்தது. ஆனால் இங்கே அந்த விவாதத்துக்கே போகத் தேவையில்லை. கழுவிய உடுப்பு சுத்தமானது என்பது உறுதி. அதில் நஜிஸ் பட்டது என்பது வெறும் சந்தேகம். சந்தேகத்தினால் உறுதி நீங்காது என்பது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதி. ஆகவே, மகள் ஒரு தொழுகையையும் கழாச் செய்ய வேண்டியதில்லை. அலுமாரியைக் காலி செய்து எல்லாவற்றையும் மறுபடி கழுவவும் வேண்டாம். அது வஸ்வாஸுக்குக் கதவு திறப்பதாகிவிடும். இனிமேல் பேணுதலாக இருக்க விரும்பினால் தாளை விட்டுவிடலாம்; அது நல்லதே.

அடுத்தது கம்பளி உருண்டை. உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளி சுத்தமானது. இதில் கருத்து வேறுபாடே இல்லை. டென்னிஸ் பந்தளவு உருண்டைகள் மூன்று முதல் ஆறு வரை உடுப்போடு போட வேண்டும். அவை உருண்டு புரண்டு துணிகளைப் பிரித்துவிடும். போர்வையும் விரிப்பும் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளாது. இடையில் சூடான காற்று புகுவதால் சீராகக் காயும். உடுப்பில் எதுவும் படிவதில்லை. ஒரே உருண்டைகளை நூற்றுக்கணக்கான தடவைகள் பாவிக்கலாம்.

கடைகளில் விலை அதிகமென்றால் வீட்டிலேயே செய்யலாம். சுத்தமான கம்பளி நூலை இறுக்கமாக உருண்டையாகச் சுற்றி, பழைய நைலோன் காலுறையில் போட்டு முடிந்து, சுடுநீரில் இயந்திரத்தில் கழுவி உலர்த்துங்கள். இப்படி மூன்று நான்கு தடவைகள் செய்தால் நூல் இறுகி ஒரே கட்டியாகிவிடும். அக்ரிலிக் நூலும், 'இயந்திரத்தில் கழுவலாம்' என்று பதப்படுத்திய கம்பளியும் இப்படி இறுகாது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அபாயா ஒட்டும் குறைக்கு உருண்டை மட்டும் மருந்தாகாது. நிலைமின்னைத் தடுப்பதில் அது தாளுக்கு ஈடாகாது. பொலியெஸ்டர் துணி முற்றாகக் காய்ந்த பின்னும் உருண்டு உரசுவதால்தான் மின் ஏறுகிறது. பனிக்காலத்தில் வீட்டுக் காற்றும் உலர்ந்திருப்பதால் அது இலகுவில் இறங்காது. எனவே, பருத்தியையும் பொலியெஸ்டரையும் சேர்த்துப் போடாதீர்கள். அபாயாவையும் ஸ்கார்பையும் இயந்திரத்தில் போடாமல், வீட்டுக்குள்ளேயே ஹேங்கரில் தொங்கவிடுங்கள். அந்தத் துணி விரைவாகக் காயும். போட்டே ஆக வேண்டுமென்றால், குறைந்த சூட்டில் இலேசான ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஈரம் இருக்கும் துணியில் மின் தங்காது. அபாயா உடலோடு ஒட்டாமல் இருக்க இதுவே வழி.

தாள் பாவித்த வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு. இயந்திரத்தில் பஞ்சு சேரும் வலையைக் கழற்றி அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கினால் தாளின் பூச்சு அதிலும் படிந்திருக்கிறது. சவர்க்காரமும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவுங்கள். சேரும் பஞ்சை ஒவ்வொரு தடவையும் அகற்றுங்கள். அது தீப்பிடிக்கக் கூடியது.

நம் நாட்டில் இருப்பவர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. முற்றத்து வெயிலும் ஒரு கொடியும் போதும்.

கடிதம் எழுதிய தாயே! இன்றே மகளுக்கு அழைப்பு எடுங்கள். முதலில், "உன் தொழுகைக்குக் குறையில்லை" என்று சொல்லி அவர் மனதைத் தேற்றுங்கள். உருண்டையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

வஸ்ஸலாம்.