சீட்டில்லாமல் வந்தவர்கள்

நம் சங்க இணையதளத்தின் வருகைக் கணக்கு சென்ற செயற்குழுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. வந்தோரில் பெரும்பாலார் ‘டைரக்ட்’, அதாவது நேரடியாக வந்தவர், என்னும் இனத்தில் இருந்தனர். உடனே அன்பர் ஒருவர், “முகவரி எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது, இனி அச்சு அறிவிப்புக்குப் பணம் செலவிடுவானேன்?” என்று வினவினார். பொங்கல் விழா அறிவிப்பை அச்சிட்டு வீடுதோறும் அனுப்பும் வழக்கம் இவ்வாண்டோடு நின்றுவிடுமோ என்ற நிலை. ஆதலின் இத்திங்கள் இந்த ‘டைரக்ட்’ என்னும் சொல்லையே நாம் எடுத்துக்கொண்டோம்.

ஒரு தளத்திலுள்ள இணைப்பைத் தொட்டு மற்றொரு தளத்துக்கு ஒருவர் செல்லும்போது, அவர் எங்கிருந்து வருகிறார் என்ற குறிப்பைப் பிரௌசர் உடன் அனுப்புகிறது. அதற்கு ‘ரெபரர்’ என்று பெயர். 1996இல் வெளியான விதிமுறை ஏட்டிலேயே இச்சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அப்பிழை இன்றளவும் வழக்கில் உள்ளது. அரசாங்கப் படிவங்களுடன் பழகிய நமக்கு இதில் வியப்பொன்றுமில்லை. இக்குறிப்போ வேறு அடையாளமோ இன்றி வருகிறவரைக் கூகுள் அனலிட்டிக்ஸ் ‘டைரக்ட்’ என்ற கட்டத்தில் எழுதிவிடுகிறது.

ரயில்வேயிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. சீட்டின்றி அகப்பட்டவர் ஏறிய நிலையம் ஐயத்துக்குரியதாயின், வண்டி புறப்பட்ட முதல் நிலையத்திலிருந்தே கட்டணம் கணக்கிடுமாறு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் கூறுகிறது. காஜிப்பேட்டையில் ஏறிச் சிகந்திராபாத்தில் பிடிபட்டவர்கூட, ஏட்டளவில் டில்லியிலிருந்து வந்தவராகிவிடலாம். அதைக்கொண்டு டில்லிப் பயணிகள் பெருகினர் என்று எவரும் அறிக்கை எழுதார்.

அப்படியானால் அந்தக் கட்டத்தில் இருப்போர் யாவர்? முகவரியைத் தட்டி வந்தவரும், அதைப் பிரௌசரில் குறித்து வைத்திருப்பவரும் உண்டு. ஆனால் மல்காஜ்கிரியிலுள்ள மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைக் கச்சிபவுலியிலுள்ள மருமகன் கைபேசியில் தொட்டால், அவரும் பெரும்பாலும் அங்கேதான் சேர்கிறார். பிடிஎப் கோப்பிலிருந்து வருகிறவரும் அவ்வாறே. நாள்தோறும் தளத்தைத் திருத்தும் நம் தொண்டரின் வருகையையும் வடிகட்டி நீக்காவிட்டால் அதுவும் அதிலேயே ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சு அறிவிப்பிலுள்ள கியூஆர் கட்டத்தைப் படம்பிடித்து வருகிறவரும் ‘டைரக்ட்’டே! எந்த அறிவிப்பு வேண்டாமென்கிறோமோ, அது கொண்டுவந்து சேர்த்தவர்களையே அதற்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்துகிறோம்.

ஓரளவு பிரித்தறிய வழியுண்டு. அவர்கள் முதலில் எந்தப் பக்கத்தில் இறங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். முகப்புப் பக்கத்தில் இறங்கியவர் முகவரி தெரிந்து வந்திருக்கக்கூடும். தமிழ் வகுப்புச் சேர்க்கைப் பக்கத்தின் நீண்ட முகவரியை எழுத்தெழுத்தாக யார் தட்டப்போகிறார்? அங்கு இறங்கியவர்களை யாரோ ஓர் இணைப்பைக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

இனிமேலேனும் அறிய விரும்பினால், இணைப்பின் வாலில் யு.டி.எம். குறிகளைச் சேர்த்துவிடலாம். 2005இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது இந்த முதலெழுத்து. அச்சிடும் கியூஆர் கட்டத்துக்கு ஒரு குறி, வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்புக்கு வேறொரு குறி, மின்னஞ்சலுக்கு மற்றொன்று என வைத்தால் கணக்கு தனித்தனியே நிற்கும். அறிவிப்பைப் பார்த்து முகவரியைக் கையால் தட்டும் பெரியவர்கள் அப்போதும் ‘டைரக்ட்’டிலேயே இருப்பர், அவர்களை விழா வாயிலில் கேட்டுத்தான் எண்ண வேண்டும்.

பொறுப்பேற்கும் இளைஞர்க்கு இரண்டு சொல்: குறிகளை ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே எழுதுக, பெரிய எழுத்து கலந்தால் ஒன்றே இரண்டாகக் கணக்கேறும். நம் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் செல்லும் இணைப்புகளில் அவற்றைச் சேர்க்கவே வேண்டா.