கைவேலைப் பக்கம்: இருபது கண்ணும் இருக்கிறதா?



இந்த வயதில் குறோசே பழகலாமா என்று தயங்குபவர்களுக்காக இம்மாதம் எழுதுகிறேன். நான் கொக்கி ஊசியைக் கையில் எடுத்தது 47 வயதில்.

எங்கள் வீட்டு மேசை விரிப்புகளும் கதிரை உறைகளும் மாமியின் கைவேலை. ஆனால் நான் எதைச் செய்தாலும் குறை பிடிப்பார் என்ற பயத்தில் அவரிடம் ஒன்றையும் கேட்டுப் பழகவில்லை. பின்னர் மூட்டுவாதத்தால் அவரது விரல்கள் மடங்க மறுத்தன. ஊசிப்பெட்டி அலுமாரிக்குள் போயிற்று. மாமி பேச்சையும் குறைத்துக்கொண்டார்.

மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்றறிந்ததும் ஒரு போர்வை பின்ன ஆசைப்பட்டேன். மாமிக்குத் தெரியாமல், புத்தகத்தைப் பார்த்துத் தொடங்கினேன். 4 மில்லிமீற்றர் ஊசி, வெளிர் மஞ்சள் வூல். கடும் நிறத்தில் கண்கள் தெரியாது, மெல்லிய நூல் பழகுபவருக்குச் சரிவராது.

சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டி, நூலைக் கொளுவி வளையத்துக்குள்ளால் இழுத்தால் ஒரு சங்கிலிக் கண். 20 ட்ரெபிள் வேண்டுமென்றால் 22 சங்கிலி. ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, நாலாவது சங்கிலியில் குத்தி, நூலை இழுத்தெடுங்கள். ஊசியில் மூன்று வளையங்கள் இருக்கும். மறுபடி நூலைக் கொளுவி இரண்டுக்குள்ளால் இழுங்கள். இன்னொருமுறை கொளுவி மிகுதி இரண்டுக்குள்ளாலும் இழுங்கள். ஒரு வளையம் மிஞ்சினால் சரி. விட்ட மூன்று சங்கிலியும் சேர்ந்து முதற் கண்ணாகும்.

புத்தகம் வாங்கும்போது கவனியுங்கள். ஆங்கிலேயர் ட்ரெபிள் என்பதை அமெரிக்கர் டபிள் குறோசே என்பார்கள்.

பத்து வரி முடிந்தபோது என் சதுரம் ஒரு பக்கம் ஒடுங்கிக் கிடந்தது. வேறு வழியின்றி மாமியின் மடியில் கொண்டுபோய் வைத்தேன். அவர் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. கரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இருபதில துவங்கி பதினொண்டில நிக்கிறீர் பிள்ளை. ஒவ்வொரு வரியிலயும் கடைசிக் கண்ணை விட்டிட்டீர்."

எண்ணினேன். பதினொன்றுதான்.

வரி திரும்பும்போது மூன்று சங்கிலி போடுகிறோமே, அதுதான் அந்த வரியின் முதற் கண். ஆகவே அதன் அடியிலுள்ள கண்ணில் குத்தாமல் அடுத்ததில் குத்த வேண்டும். வரி முடிவில், முந்திய வரியின் மூன்று சங்கிலியின் உச்சியில் ஒரு ட்ரெபிள் போட வேண்டும். அது கண்போலவே தெரியாது. நான் தவறவிட்டது அதைத்தான்.

"அவிழும்" என்றார். பத்து வரியையும் இழுக்க மனம் வரவில்லை. ஆனால் நான் இழுக்க இழுக்க, மடங்காத அந்த விரல்களால் மாமி நூலை உருண்டையாகச் சுற்றினார். நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் சுற்றினார். உருண்டையை என்னிடம் தரவில்லை. அடுத்த சங்கிலியை நான் போடும்வரை தன் மடியிலேயே வைத்திருந்தார்.

பேரப்பிள்ளைக்கு இப்போது மூன்று மாதம். போர்வை பாதியில் நிற்கிறது. மாலையில் மாமியே கூப்பிட்டு, "இருபதும் இருக்கோ?" என்கிறார். அதை இப்போது நான் குறையாக எடுப்பதில்லை.

சகோதரிகளே, இம்மாதம் 20 கண்ணில் 10 வரி பின்னுங்கள். ஒவ்வொரு வரியையும் எண்ணுங்கள். ஊசிப்பெட்டியை மூடிவைத்த மூத்தவர் வீட்டிலிருந்தால், கோணலாக வந்தாலும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.