கைக்கயிற்றைக் கட்டிவிட்டது யார்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடிதடி வழக்கில் சிக்கினால், டீக்கடையிலிருந்து ஆசிரியர் அறை வரை ஒரே விளக்கம்தான். "இந்தப் பசங்களுக்குன்னு தனிக் கலாச்சாரம் ஒண்ணு உருவாயிருச்சு." வண்ணக் கயிறு, ஓரம் மழித்த முடி, பைக் சாகசம், அரிவாளோடு ஸ்டேட்டஸ் என்று அடையாளமும் அடுக்குவார்கள்.

இதற்குச் சமூகவியல் துணையும் உண்டு. 1955-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆல்பர்ட் கோஹன் எழுதியது இதுதான்: நடுத்தர வர்க்கத்தின் அளவுகோலால் பள்ளி அளக்கும்போது உழைக்கும் வர்க்கப் பையன்கள் தோற்கிறார்கள், அந்த அளவுகோலையே கவிழ்த்து, தங்கள் கூட்டத்துக்குள் மரியாதை தேடிக்கொள்கிறார்கள். அவமானத்துக்கும் வன்முறைக்கும் உள்ள உறவை அவர் சரியாகவே கண்டார். ஆனால் அந்தச் சட்டகத்துக்குள் நம் ஊர்ப் பையன்களை அடைத்தால் பெரியவர்கள் தப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு வாதமாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: ஊர் மதிப்பதை இவர்கள் மறுக்கிறார்கள்.

மறுக்கவில்லை, அப்படியே பின்பற்றுகிறார்கள். மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பையன்கள் கண்டுபிடிக்கவில்லை. அது பெரியவர்களின் சாதிக் கொடியிலும் ஃபிளெக்ஸ் பேனரிலும் இருக்கும் நிறம். 1997-ல் விருதுநகர் மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைக்க அரசு முனைந்தபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு தரப்பு நின்றது. தென் மாவட்டங்களில் மோதல் வெடித்து உயிர்கள் போயின. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கியது. அந்தப் பிடிவாதம் எந்தப் பள்ளி மாணவனுடையது? பேருந்தின் பெயரில் சாதி பார்த்த ஊரில், சக மாணவனின் கையில் சாதி பார்ப்பவன் புதிதாக எதையும் படைக்கவில்லை.

இரண்டாம் வாதம்: ஏழை வீட்டுப் பையன்கள்தான் இப்படி.

வழக்குப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கோஹன் எழுதிய அதே பத்தாண்டில் ஜேம்ஸ் ஷார்ட், இவான் நை என்ற சமூகவியலாளர்கள் இருவரும் பதிவேட்டை ஒதுக்கி மாணவர்களிடமே நேரடியாகக் கேட்டார்கள். பெயர் சொல்லாமல் அவர்கள் ஒப்புக்கொண்ட தவறுகளில் ஏழை, வசதியானவர் என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. இங்கும் ஒரே சண்டையில் இறங்கிய இருவரில் ஒருவனுக்காக ஸ்டேஷனில் பேச ஆள் இருக்கும். மற்றவனின் அப்பா மில்லில் ஷிஃப்டில் இருப்பார், அல்லது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நிற்பார். முதலாமவன் வீட்டுக்குப் போவான், இரண்டாமவன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போவான். அதன் பிறகு பதிவேட்டை வைத்து வறுமையின் கலாச்சாரம் என்று பேசுவது நியாயமல்ல.

மூன்றாம் வாதம்: அதிலேயே ஊறிப்போனவர்கள், திருந்தமாட்டார்கள்.

இதற்கு 1957-லேயே சமூகவியலாளர்கள் கிரெஷாம் சைக்ஸும் டேவிட் மாட்சாவும் பதில் தந்துவிட்டார்கள். தப்புச் செய்யும் சிறுவனுக்கு எது தப்பு என்று தெரியும். தெரிவதால்தான் சமாதானம் தேடுகிறான். "அவன்தான் முதல்ல மொறச்சான்", "ஃபிரெண்டுக்காகத்தான் போனேன்" என்ற பேச்சுகளை நம் தெருக்களில் கேட்காதவர் உண்டா? நியாயத்தை முழுதாக உதறியவனுக்குச் சாக்கு எதற்கு? 1964-ல் மாட்சா மேலும் ஒன்றைக் காட்டினார்: பெரும்பாலான சிறுவர்கள் குற்றத்துக்குள் மிதந்து போய், வயது ஏற ஏற வெளியே வந்துவிடுகிறார்கள். நம் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் புதிய தொடக்கத்தை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. அந்த வாசலை அடைப்பது, ஊர் ஒட்டும் 'ரவுடிப்பய' என்ற முத்திரை. வேலையும் நட்பும் மறுக்கப்பட்டவனுக்கு அந்தக் கூட்டம் மட்டுமே மிஞ்சுகிறது.

நான்காம் வாதம்: கயிற்றை அறுத்து, முடியை வெட்டினால் போதும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைந்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிற்றுக்குத் தடை அதில் ஒரு பரிந்துரை மட்டுமே. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்க வேண்டும், ஆசிரியர்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் இடம் மாற்ற வேண்டும், ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியினரையே அங்கே கல்வி அதிகாரியாக அமர்த்தக் கூடாது என்றெல்லாம் பெரியவர்களைப் பார்த்துத்தான் அது பேசியது. ஊரோ, பையன்களுக்குச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டது.

பையன் செய்த வன்முறைக்கு அவன் பொறுப்பேற்கத்தான் வேண்டும். வெட்டுப்பட்டவனின் வலிக்கு எந்தச் சமூகவியலும் சமாதானம் ஆகாது. ஆனால் விசாரணை அவனோடு நின்றுவிடக் கூடாது. சாதி ஊர்வலத்துக்குப் பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்வதைச் சங்கத் தலைவர்கள் நிறுத்தட்டும். பேனரில் சிறுவர் படம் போடுவதை அச்சகங்கள் மறுக்கட்டும். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பையனுக்கு மாலையில் பாடமும், மைதானமும், தொழிற்பயிற்சிக்கு வழியும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகள் ஏற்பாடு செய்யட்டும். இவற்றைச் செய்த பிறகும் தனிக் கலாச்சாரம் என்று ஏதாவது மிஞ்சினால், அப்போது அதைப் பற்றிப் பேசலாம்.