பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள்: மாணவர் உடல்நலம் குறித்து எங்கள் நிலைப்பாடு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பு, பள்ளி மாணவர்களின் உடல்நலம் பற்றிய தன் நிலைப்பாட்டை இங்கே வெளியிடுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, நேர அட்டவணையில் உடற்கல்விக்கென்று எழுதப்பட்ட ஒவ்வொரு பீரியடும் உடற்கல்விக்கே நடக்க வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டுக்கும் இதில் விலக்கு கூடாது. பள்ளி மைதானங்களும் மாநகராட்சி மைதானங்களும் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் திறந்திருக்க வேண்டும். கேட்பதற்கு இன்னும் எத்தனையோ இருந்தும் இந்த இரண்டை முன்னால் வைக்கிறோம். ஓடியாடி விளையாடு, நேரத்துக்குத் தூங்கு, கண்டதைத் தின்னாதே என்று பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்கிறோம். அதற்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் பெரியவர்களாகிய நாமே அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டோம்.

கோபாலபுரத்தில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், சென்னையின் 51 பள்ளிகளில் 6 வயது முதல் 17 வயது வரையிலான 18,955 மாணவர்களை அளந்து, முடிவுகளை 2014-இல் வெளியிட்டார்கள். தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல்பருமனோ கொண்டிருந்தார்கள். அரசுப் பள்ளிகளில் அது 3.6 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படிக்க வேண்டும். தனியார் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் படித்தவர்கள். மருத்துவரை எளிதில் அணுகக்கூடியவர்கள். சரிவிகித உணவு பற்றிய செய்தி அந்த வீடுகளுக்குள் முதலில் போய்ச் சேரும். அறிவு மட்டுமே உடம்பைக் காக்கும் என்றால், இந்தப் பிள்ளைகள்தான் நல்ல நிலையில் இருந்திருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு. வேனில் ஏறிப் பள்ளிக்குப் போய், வேனில் இறங்கி டியூஷனுக்குப் போய், இரவு வீட்டுப்பாடத்தோடு உட்காரும் பிள்ளைக்கு உடற்பயிற்சியின் நன்மை தெரிந்திருந்து என்ன பயன்?

இதன் விலை பின்னால் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து இதே அறக்கட்டளை நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாட்டின் சராசரி 11.4. நம் மக்களுக்கு இந்த நோய் ஐரோப்பியரைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த எடையிலும் வந்துவிடுகிறது. ஆகவே ஒல்லியாக இருக்கும் பிள்ளையைப் பற்றியும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. தடுக்க முடியுமா என்ற கேள்விக்கும் சென்னையிலிருந்தே பதில் வந்திருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வழக்கமான மருத்துவ அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளி ஆனார்கள். நடைக்கும் உணவுக்கும் திட்டம் வகுத்துத் தந்து, திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டு துணை நின்ற பிரிவில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. அவர்கள் பெரியவர்கள்; பள்ளி மாணவர்கள் அல்லர். ஆனாலும் சொல்லிவிட்டுப் போவதற்கும் செய்ய வழி அமைத்துக் கொடுப்பதற்கும் உள்ள தூரத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சான்று நம் ஊரில் வேறில்லை என்றே கருதுகிறோம்.

விழிப்புணர்வுப் பேரணி, சுவரொட்டிப் போட்டி, உறுதிமொழி ஆகியவற்றை நாங்கள் எதிர்க்கவில்லை. ஒரு குளிர்பானத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பள்ளிச் சுவரில் எழுதிவைக்கும்படி 2025-இல் சி.பி.எஸ்.இ. வாரியம் சொன்னதை வரவேற்கிறோம். ஆனால் எழுதிவைத்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பதை ஏற்கமாட்டோம். தியாகராய நகர் யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்தப் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோதுதான், 1920-இல், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்ற கணக்கில்தான் அது தொடங்கியது. பசியோடு வந்த பிள்ளைக்கு உணவின் அருமையைப் பற்றிப் பாடம் நடத்தாமல் உணவையே வைத்தார்கள். காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் வந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் அந்த வழியில் வந்தவை. உணவு விஷயத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாடு புரிந்துகொண்டதை, விளையாட்டு விஷயத்திலும் தூக்க விஷயத்திலும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது. 2019-இல் வெளியான 146 நாடுகளின் கணக்கெடுப்பில், 11 முதல் 17 வயது மாணவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகளில் 85 விழுக்காடு. நம் பள்ளிகள் பலவற்றில் உடற்கல்விக்கு வாரத்தில் இரண்டு மூன்று பீரியடுகள்தான். அதுவும் அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடும். "போர்ஷன் முடியவில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும், பி.டி. மாஸ்டர் ஒதுங்கிக்கொள்வார். பி.டி. பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம் என்று 2023-இல் அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு நாள்தோறும் ஒரு உடற்கல்வி பீரியட் வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. 2018-இலேயே விதித்தது. விதி தாளில் இருக்கிறது. பீரியட் ரிவிஷன் டெஸ்டுக்குப் போகிறது. விடியற்காலை டியூஷனும் இரவு கோச்சிங்கும் சேர்ந்துகொண்டால், இந்த வயதுக்குத் தேவையான எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கமும் பறிபோகிறது.

மதிப்பெண் குறைந்துவிடுமே என்ற பெற்றோரின் அச்சத்தை நாங்கள் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் ஒரு மதிப்பெண்ணில் ஒரு பிள்ளையின் வழி மாறிவிடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்த அச்சத்துக்குச் சான்று இல்லை. பள்ளியில் உடலுழைப்புக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பல ஆய்வுகளை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் தொகுத்துப் பார்த்தது. கிடைத்த தொடர்புகளில் பாதிக்குச் சற்று மேல் படிப்புக்கு உதவுவதாகவும், ஏறக்குறைய மீதி முழுவதும் நன்மையோ தீமையோ இல்லாததாகவும் இருந்தன. கெடுதல் என்று சொல்லத்தக்கவை 1.5 விழுக்காடுதான். ஓடியாடினால் முதல் மதிப்பெண் வரும் என்று நாங்கள் வாக்குத் தரவில்லை. வாரத்துக்கு மூன்று பீரியடைப் பறித்ததால் யாருக்கும் மதிப்பெண் கூடியதாகக் காட்ட முடியாது என்கிறோம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியிருக்கிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் அந்த ஓர் ஆண்டாவது மைதானத்துக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்க அதைப் பயன்படுத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

இடமில்லை என்பது உண்மையான தடை. லஸ்ஸிலும் உஸ்மான் சாலையை ஒட்டிய தெருக்களிலும் மாடிக் கட்டடத்துக்குள் இயங்கும் பள்ளிகள் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் நிலம் வானத்திலிருந்து விழாது. ஆகவேதான் இருக்கும் இடத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறோம். பெரிய மைதானம் உள்ள பள்ளியும் கல்லூரியும் மாலையில் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்குத் திறக்கலாம். தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானம் போன்ற பொது மைதானங்களில் மாணவர்களுக்கென்று நேரம் ஒதுக்கலாம். மாநகராட்சி தன் செயற்கைப் புல்தரைக் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டுக் கட்டணம் வாங்க 2025-இல் எடுத்த முடிவு, எதிர்ப்பு எழுந்ததும் கைவிடப்பட்டது. அந்த எண்ணம் மறுபடி தலைதூக்கக் கூடாது. வெயிலைச் சொல்பவர்களுக்கு எங்கள் பதில்: பி.டி. பீரியடைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போடாமல் காலை முதல் பீரியடில் போடுங்கள். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை மைதானம் மட்டும் போதாது. மாற்றிக்கொள்ள அறையும் சுத்தமான கழிப்பறையும் ஓடுவதற்கு ஏற்ற உடையும் வேண்டும். நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை சென்னையின் வளரிளம் பெண்களுக்காகவே பத்து நிமிட விறுவிறுப்பான நடனப் பயிற்சி ஒன்றை வடிவமைத்து, 'தாண்டவ்' என்று பெயரிட்டிருக்கிறது. இடமில்லாத பள்ளியும் வகுப்பறையில் பெஞ்சுகளை நகர்த்திவிட்டு இப்படி ஒன்றை நாளையே தொடங்க முடியும்.

உணவும் உடம்பும் வீட்டு விஷயம், பள்ளி ஏன் தலையிட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பள்ளி நாளில் விழித்திருக்கும் நேரத்தில் ஒரு பெரும்பகுதியைப் பிள்ளை பள்ளியில்தான் கழிக்கிறது. வாசலில் கிடைப்பதைத்தான் தின்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு விதி 2021-இல் நடைமுறைக்கு வந்தது. இதை எந்தப் பெற்றோரும் தனியாக நிறைவேற்ற முடியாது. பள்ளி நிர்வாகமும் மாநகராட்சியும்தான் முடியும். வாசலில் கடை போட்டுப் பிழைப்பவரை விரட்டாமல், சுண்டலும் வேர்க்கடலையும் பழமும் விற்க உதவுவதே முறை.

பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. ஜூன் மாதம் புது நேர அட்டவணை வீட்டுக்கு வந்ததும் அதில் உடற்கல்விக்கு எத்தனை பீரியட் என்று பாருங்கள். அவை உண்மையில் நடந்தனவா என்று மாதம் ஒருமுறை பிள்ளையிடம் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்; எழுத்திலும் கொடுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் முதலில் கேட்க வேண்டும்.