கிரவுண்டை நடத்தத் தெரியும், கையில் டிகிரி இல்லை: 30 வயதுக்கு மேல் எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது?

தல்லாகுளத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தாலே தெரியும், மதுரையின் ஓய்வு நேரம் பெரும்பாலும் இங்கேதான் கழிகிறது. தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி, ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் காலை ஓட்டம், ராஜாஜி பூங்காவிலும் எக்கோ பார்க்கிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இதோடு ஊருக்குள் முளைக்கும் டர்ஃப், ஜிம், நீச்சல் குளம் எல்லாம் தனி.

2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டு அரங்கம் திறக்கப்பட்டது. அதே மாதம் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நடந்த நான்கு நகரங்களில் மதுரையும் ஒன்று. 2025 கடைசியில் ஜூனியர் ஆடவர் உலகக் கோப்பை ஹாக்கியைச் சென்னையோடு மதுரையும் நடத்தியது.

இடங்கள் வந்துவிட்டன. இவற்றை நடத்துபவர்கள் யார்? பல இடங்களில், பத்து வருட அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள். முன்னாள் வீரர்கள், ஜிம் டிரெய்னர்கள், ஈவென்ட் வேலை பார்த்தவர்கள், குழந்தை பிறந்ததும் விளையாட்டை விட்ட பெண்கள். முப்பது வயதைத் தாண்டி 'இனிமேல் படிக்கலாமா?' என்று யோசிப்பவர்களும் இவர்கள்தான். படிக்கலாம். ஆனால் எதை, எப்படி என்பதில் கொஞ்சம் உஷார் தேவை.

அப்படி ஒரு டிகிரி இங்கே இருக்கிறதா?

அமெரிக்காவில் பூங்கா, பொழுதுபோக்கு நிர்வாகம் என்பது தனிப் பட்டப்படிப்பு. நகராட்சிப் பூங்கா முதல் முதியோர் மையம் வரை நடத்த அதில் பயிற்சி உண்டு. நம்மூரில் இந்த வேலை துண்டு துண்டாக வெவ்வேறு படிப்புகளில் கிடக்கிறது: உடற்கல்வி, விளையாட்டு மேலாண்மை, சுற்றுலா மேலாண்மை, நிகழ்ச்சி மேலாண்மை. அதனால் படிப்பின் பெயரைத் தேடாமல், எந்த நாற்காலியில் உட்கார ஆசை என்று முதலில் முடிவு பண்ணுங்கள்.

எந்த வேலைக்கு எந்தப் படிப்பு?

பள்ளியில் பி.டி. மாஸ்டர் ஆக வேண்டுமா? பி.பி.எட். தேவை. டிகிரி முடித்தவர்களுக்கான இரண்டு வருடப் படிப்பு இது. விளையாட்டில் பங்கேற்ற சான்று, உடற்தகுதித் தேர்வு எல்லாம் பார்ப்பார்கள். மதுரைக்காரர்களுக்குப் பக்கத்தில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. சென்னை நந்தனத்தில் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் உண்டு.

அரங்கம், அகாடமி, லீக் போட்டி நிர்வாகம்தான் இலக்கு என்றால் விளையாட்டு மேலாண்மை. சென்னை அருகே மேலக்கோட்டையூரில் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தை முதலில் பாருங்கள். இதற்கான சட்டம் 2004-ல் வந்தது.

பயிற்சியாளர் ஆக மட்டும்தான் ஆசையா? அப்போது முழு டிகிரியே தேவைப்படாமல் போகலாம். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும், நீண்ட டிப்ளமோவும் நடத்துகிறது. வேலையை விடாமல் லீவு போட்டு முடிக்கக்கூடியது ஆறு வாரப் படிப்பு.

எங்கே ஏமாற வாய்ப்பு அதிகம்?

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் தொலைதூரக் கல்விப் பக்கம்தான் போவார்கள். அங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன.

ஒன்று, அங்கீகாரம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கிறது என்பதால் அதன் எல்லாப் படிப்புகளுக்கும் அனுமதி இருப்பதாக அர்த்தமில்லை. யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில், நீங்கள் சேரும் கல்வியாண்டில் அந்தக் குறிப்பிட்ட படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 'ஸ்டடி சென்டர்' போர்டு மாட்டியவர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இரண்டு, வரிசை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு டிகிரி என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழக அரசு வேலைக்குச் செல்லும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ இல்லாமல் நேரடியாக வாங்கிய டிகிரி அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்று 2009-லேயே அரசாணை போட்டாகிவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக முடித்துவிடுங்கள். ஒரு வருடம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, மூன்று வருட உழைப்பு வீணாகாது.

ஃபீஸ் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

வயது வரம்பு உண்டா? வகுப்பு மாலையிலா, வார இறுதியிலா? வருகைப்பதிவு எவ்வளவு? இன்டர்ன்ஷிப்பை இப்போது வேலை செய்யும் இடத்திலேயே செய்யலாமா? போன வருடம் முடித்தவர்களில் இரண்டு பேரின் நம்பர் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அதுவே பதில்தான். இரண்டு வருட ஃபீஸோடு, அந்தக் காலத்தில் நீங்கள் இழக்கப்போகும் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பல்கலைக்கழகங்கள் என்ன செய்ய வேண்டும்?

பொறுப்பை மாணவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. 1966-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் மதுரை. அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக்கும் தல்லாகுளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநகராட்சியும் இவர்களோடு கைகோத்தால், அரங்கம் மற்றும் பூங்கா நிர்வாகத்தில் ஒரு வருட மாலை நேர டிப்ளமோ தொடங்குவது பெரிய விஷயமில்லை. வகுப்பறை இருக்கிறது, செய்முறைக்கு ரேஸ்கோர்ஸ் மைதானமே இருக்கிறது. அனுபவத்துக்கும் மதிப்பெண் கொடுக்கும் வழியை அதில் சேர்க்க வேண்டும்.

கோடிகள் கொட்டிக் கட்டிய அரங்கத்தைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லையென்றால், கொஞ்ச நாளில் கழிப்பறைக்குப் பூட்டு, புல்வெளியில் முள் என்றுதான் முடியும். அந்த வேலை தெரிந்தவர்கள் இதே ஊரில் சான்றிதழ் இல்லாமல் நிற்கிறார்கள். அவர்களுக்கு வகுப்பறைக் கதவைத் திறந்துவிடுவது, இன்னொரு அரங்கம் கட்டுவதைவிட மலிவான வேலை.