ஆயில் கறுத்தால் கெட்டதா? கார்க்காரர் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்!

"ஆயில் செத்துப் போச்சு அண்ணாச்சி!" என்றார் மெக்கானிக். அளவுக் கம்பியை உருவி, விரலில் தடவிக் காட்டினார். மை மாதிரி கறுப்பு! எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி பயந்துபோய்ப் பணத்தை நீட்டினார். முன்பு ஆயில் மாற்றி 3 ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அதுவும் டீசல் வண்டி!

டீசல் என்ஜினில் புது ஆயில் ஊற்றினால் சில நாளிலேயே கறுத்துவிடும். என்ஜினில் படியும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதன் வேலைதான். கறுப்பைக் காட்டிக் காசு கேட்பது என்ன நியாயம்?

3 ஆயிரத்துக்கு ஒருதரம் என்பது கார்பரேட்டர் வண்டிக் காலத்துப் பழக்கம். அம்பாசடர் தயாரிப்பே 2014-ல் நின்றாச்சு. இப்போதைய கார்கள் பலவற்றின் கையேட்டில் 10 ஆயிரம் கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது என்று போட்டிருக்கிறது. யார் படிக்கிறார்கள்? கையேடு பிளாஸ்டிக் உறையோடு டேஷ்போர்டுக்குள் தூங்குகிறது!

அதற்காக, "வண்டியே ஓடலை, ஆயில் எதுக்கு?" என்று வருஷக்கணக்கில் இழுப்பவர்களையும் ஒப்புக்கொள்ள முடியாது. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் 2 கிலோமீட்டர் போய்வருகிற காரில் என்ஜின் முழுசாகச் சூடேறாது. ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து, ஆவியாகாமல் அங்கேயே தங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போகும். அண்ணா சாலை நெரிசலில் நின்று நின்று போகிற வண்டிக்கோ, மீட்டர் நகராது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட வண்டிகளுக்கு முன்கூட்டியே மாற்றச் சொல்வதும் கையேடுதான்.

என்னைக் கேட்டால், சென்னைக்குள்ளேயே சுற்றுகிற காருக்கு 5 ஆயிரத்திலிருந்து 7 ஆயிரத்துக்குள் மாற்றலாம். ஓடாத காருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம். நடுவில், மாதம் ஒருதரம் அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நின்றால் கவலை இல்லை. கீழ்க் குறிக்கும் கீழே போனால் ஆபத்து.

இன்னொரு சங்கதி. டப்பா சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பழைய ஆயிலை வடிகட்டி, பெரிய கம்பெனி டப்பாவில் அடைத்து விற்ற கும்பல்கள் போலீசில் சிக்கியதுண்டு. அவர்களுக்கு டப்பா எங்கிருந்து கிடைக்கிறது? நாம் விட்டுவிட்டு வருகிற காலி டப்பாக்கள்தான்!

இதை அண்ணாச்சி காதில் போட்டேன். மனிதர் காலி டப்பாவைக் கேட்டு வாங்கினார். பட்டறை வாசலிலேயே ஆணியால் அடியில் இரண்டு ஓட்டை போட்டார். மெக்கானிக் முகத்தைப் பார்க்கணுமே!